தொட்டிக்குள்ள குளம் வெட்டாதே, நைனா!

இன்னா நைனா, ஆசையா வாங்குன செடி நாலும் பூட்ச்சாமே? ‘காத்தைச் சுத்தம் பண்ற செடி’ன்னு சீட்டு ஒட்டி வித்தானாம், நீயும் அள்ளிகினு வந்தியாம். நம்ம அத்திப்பட்டாண்ட அனல்மின் நிலையம் 1994லேர்ந்து ஓடுது. பழைய மூணு யூனிட் 630 மெகாவாட், அப்பால வந்த ரெண்டு 1,200. அதுக்கு எதிரா நாலு தொட்டியை நிறுத்துனே பாரு, வீரன்டா நீ!

செடி காத்தைச் சுத்தம் பண்ணும்ங்கற பேச்சு 1989ல நாசா பண்ண சோதனையில கிளம்புனது. காத்து பூராத பொட்டிக்குள்ள செடியை வெச்சு, பென்சீன் மாதிரி ஆவிங்க கொறையுதான்னு பாத்தாங்க. நிலக்கரிச் சாம்பலுக்கு இல்ல. ஜன்னல் வழியா வர்ற காத்து பண்ற வேலையைச் செடி பண்ணணும்னா சதுர மீட்டருக்கு 10லேர்ந்து 1,000 செடி வரைக்கும் வேணும்னு 2019ல கணக்குப் போட்டு சொல்லிட்டாங்க. அவ்ளோ வெச்சா, நீ படுக்கறது தெருவுலதான்.

அதனால செடி உனக்குத் துடைக்காது, நீதான் அதுக்குத் துடைக்கணும். சாம்பல் படிஞ்ச இலைக்கு வெளிச்சம் ஏறாது. வாரத்துக்கு ஒருதபா ஈரத்துணியால, அடியில கை குடுத்து, மெதுவாத் துடை.

மொதல்ல மணி பிளாண்ட் வை. திருடி வெச்சாத்தான் காசு சேரும்னு எதிர்வூட்டு வேலியில கை வைக்காதே, கேட்டாலே குடுப்பாங்க. கணு இருக்கற மாதிரி ஒரு துண்டு கிள்ளி, அந்தக் கணு முழுகற மாதிரி பாட்டில் தண்ணியில போடு. கணுவுலதான் வேர் வுடும். வெறும் இலையைப் போட்டா, பொங்கல் வரைக்கும் பாத்துகினே இருப்பே. கொழந்தையும் பூனையும் மட்டும் அதைக் கடிக்காம பாத்துக்க, வாயெல்லாம் எரியும். அப்பால மருள் வை. அந்தக் காலத்துல வில்லுக்கு நாண் திரிச்ச நார்ச்செடி அது. நீ மறந்தாலும் அது சாவாது. உனக்குன்னே பொறந்தது.

தண்ணி விசயத்துலதான் நீ கொலைகாரன். காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு! வேரும் மூச்சு வுடணும்டா. ஆத்துல கொட்டுனாலும் அளந்து கொட்டணும். வெரலை ரெண்டு கணு ஆழம் மண்ணுல வுடு. ஈரம் ஒட்டுனா சொம்பைக் கீழ வை. தொட்டி அடியில ஓட்டை இல்லேன்னா இன்னிக்கே போடு. மண் ஈரமா இருக்கறப்பவே இலை மஞ்சளாச்சுன்னா, வேர் அழுகுதுன்னு அர்த்தம். அதைப் பாத்து இன்னும் ரெண்டு சொம்பு ஊத்தாதே.

நம்மூர் போர் தண்ணி உப்பு கரிக்கும், இலை நுனி கருகும். ஆர்ஓ மிஷின் தள்ளுற தண்ணியில உப்பு இன்னும் ஜாஸ்தி. ஏசியிலேர்ந்து சொட்டுதே, அதுல உப்பு கெடையாது, பக்கெட் வெச்சுப் புடி. மழைத்தண்ணி கெடைச்சா அதைவுட ஒசத்தி.

சாம்பலைக் கொறைக்கறது கரண்டு கம்பெனி பாடு. அதை அவங்களைக் கேளு, செடியைக் கேக்காதே. செடி வளக்கறதுன்னா பச்சையாப் பாக்க ஆசைப்பட்டு வள. நாலு வேணாம், ஒண்ணு வாங்கு. அது பொழைச்சா ரெண்டாவதைப் பத்திப் பேசலாம்.