கணக்குக்கு வைத்தியம் பார்த்த கெட்டிக்காரர்கள்

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையை நடத்திவந்த மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் டிரஸ்ட்டின் நிர்வாகிகளை எல்லோரும் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அவர்களுடைய சிக்கனத்தையும் கணிதப் புலமையையும் பாராட்ட ஒருவராவது வேண்டாமா? அந்தப் புண்ணியத்தை நான் கட்டிக்கொள்கிறேன்.

முதலில் சிக்கனம். 2006-07ஆம் ஆண்டில் ஒரு கோடி பவுண்டு மிச்சம்பிடிக்க முடிவுசெய்தார்கள். நோயாளிகள் வருவதை நிறுத்த முடியாது. ஆகவே 150க்கும் மேற்பட்ட பணியிடங்களை நிறுத்தினார்கள். அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் யாருக்கு உண்மையிலேயே அவசரம் என்பதை வரவேற்பு மேசையில் இருந்தவர்களே பார்த்துச் சொன்னார்கள். இதற்காகப் பல வருடம் மருத்துவம் படிக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டும். இதயத்துடிப்பு மானிட்டர்களை இயக்கச் செவிலியர்களுக்குப் பயிற்சி தரவில்லை; அவற்றை அணைத்துவைத்தார்கள். அபாயமணி ஒலிக்காத அந்தப் பிரிவு எத்தனை நிம்மதியாக இருந்திருக்கும்! இத்தனை திறமைக்கும் பரிசாக 2008 பிப்ரவரியில் தன்னாட்சித் தகுதியும் கிடைத்தது.

இதற்கிடையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் பிரையன் ஜார்மன் உருவாக்கிய கணக்கு ஒன்று குறுக்கே வந்தது. வயது, நோய், ஏழ்மை, அவசரமாகச் சேர்க்கப்பட்டவரா என்பதையெல்லாம் பார்த்து, ஒரு மருத்துவமனையில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று முதலில் கணிப்பார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை கணிப்போடு ஒத்துப்போனால் 100; கணிப்பைத் தாண்டினால் 100க்கு மேல். 2007 ஏப்ரலில் வெளியான பட்டியலில் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயருக்கு 127. நூற்றுக்கு 127 வாங்கிய பிள்ளையை யாராவது கண்டிப்பார்களா?

சாதாரண மூளை உள்ளவர்களாக இருந்திருந்தால், இறந்தவர்களின் கேஸ் ஷீட்டுகளை வரவழைத்து ஒவ்வொன்றாகப் படித்திருப்பார்கள். எந்த வார்டு, எந்தக் கிழமை, அன்று ராத்திரி எத்தனை செவிலியர்கள், காய்ச்சல் ஏறியபோது யாருக்குச் சொன்னார்கள், அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று துருவியிருப்பார்கள். இறப்புக் கணக்கைக் கண்டுபிடித்தவர்கள் அது இதற்குத்தான் பயன்படும் என்று அப்பாவித்தனமாக நம்பியிருந்தார்கள். நம்மவர்கள் ஒரு குழுவைப் போட்டார்கள். குழுவும் நோயைக் கண்டுபிடித்தது: கோடிங் சரியில்லை! நோயாளியின் விவரங்களைக் குறியீடாக மாற்றிப் பதிகிற குமாஸ்தா வேலையில்தான் கோளாறாம். அவர்களுடைய கோடிங் மோசமாகத்தான் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. கையில் கிடைத்த அந்த அரை உண்மையை வைத்தே முழு ஆண்டுகளை ஓட்டியதில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது. வட்டாரச் சுகாதார ஆணையம் ஒரு படி மேலே போய், ஜார்மனின் கணக்குமுறை சரிதானா என்று ஆராயும்படி பர்மிங்காம் பல்கலைக்கழகத்திடம் கேட்டது.

கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. இறுதிக்கால ஆதரவு சிகிச்சை பெற்றவர் என்று ஒருவரைப் பதிந்தால், அவருடைய மரணம் பெரும்பாலும் எதிர்பார்த்த மரணமாகிவிடும். அந்தக் குறியீட்டை எழுதும் பழக்கம் அங்கே மளமளவென்று வளர்ந்தது. எண்ணும் சமர்த்தாக இறங்கியது. மருந்து மாத்திரை இல்லாமல் குணமான ஒரே ஆசாமி அந்த எண்தான்.

அங்கே நடந்ததை 2009 மார்ச்சில், மருத்துவமனைகளைக் கண்காணித்துவந்த தேசியச் சுகாதார ஆணையம் அறிக்கையாக வெளியிட்டு நாட்டையே அதிரவைத்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான டாக்டர் ஃபாஸ்டர் என்ற நிறுவனத்தின் மருத்துவமனைக் கையேடு, நோயாளிப் பாதுகாப்பில் நாட்டின் முதல் பத்து இடங்களுக்குள் இதே டிரஸ்ட்டை வைத்தது. இந்தச் சாதனையை இன்னொருவர் முறியடிப்பது கடினம்.

நன்றிகெட்டவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்! தாயை அந்த மருத்துவமனையில் பறிகொடுத்த ஜூலி பெய்லி, தன் சிற்றுண்டிக் கடையின் சுவரில் இறந்தவர்களின் படங்களை மாட்டினார். தாகத்தில் பூச்சாடித் தண்ணீரைக் குடித்த நோயாளிகளைப் பற்றி உறவினர்கள் பேசினார்கள். பாவம், அவர்களுக்குக் கோடிங் தெரியாது. ராபர்ட் பிரான்சிஸ் தலைமையில் நடந்த பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளைக் கொடுத்தது. தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் எத்தனை என்பதைப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றும் பிரான்சிஸ் நேர்மையாகச் சொன்னார். அதாவது, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கிலாந்துப் பொதுச் சுகாதார சேவையின் மருத்துவ இயக்குநராக இருந்த புரூஸ் கியோ அந்த அசட்டுத்தனத்தைத்தான் செய்தார். அதே ஆண்டு, இறப்பு விகிதம் அதிகமாயிருந்த 14 டிரஸ்ட்டுகளுக்குக் குழுக்களை அனுப்பினார். சொல்லிவிட்டும் சொல்லாமலும் வார்டுகளுக்குள் போய், நோயாளிகளையும் செவிலியர்களையும் நேரில் விசாரித்தார்கள். 11 டிரஸ்ட்டுகள் சிறப்புக் கண்காணிப்புக்குள் வந்தன. கோடிங்கைத் திருத்தி முடித்திருக்க வேண்டிய விஷயம்!

127 வெளியான அந்த 2007 ஏப்ரலில், சர்க்கரை நோயாளியான ஒரு பெண்மணி ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் இறந்தார். ஷிஃப்ட் மாறும்போது குறிப்புகளைச் சரியாகப் பார்க்கவில்லை, அவருக்கு இன்சுலின் கொடுக்கவில்லை. டிரஸ்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2014-ல் நீதிமன்றம் 2 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் டிரஸ்ட்டின் மருத்துவமனைகள் வேறு டிரஸ்ட்டுகளின் கைக்கு மாறின. அந்தப் பெண்மணியின் மரணத்தில் கோடிங் பிழை எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.