மேஜை அரிச்சந்திரர்

பிரிட்ஜ் ஆடுகிற கிளப் எதுவானாலும் இவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆடிட்டர் அல்லது பொதுப்பணித் துறைப் பொறியாளர். முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கைப்பையில் அட்டை போட்ட சட்டப் புத்தகம். கேன்டீனில் சில்லறை இரண்டு ரூபாய் கூட வந்துவிட்டால் மாடிப்படி இறங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அவர் முகத்துக்கும் வராது. தொல்லையே அதுதான்.

இந்த ஆட்டத்தில் நாலு பேர், இரண்டு கட்சி, ஆளுக்கு 13 சீட்டு. கையில் என்ன இருக்கிறது என்பதை எதிரே இருக்கும் பார்ட்னருக்கு ஏலத்தின் மூலமாக மட்டுமே தெரிவிக்கலாம். குரல் ஏற்ற இறக்கம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு பெட்டியிலிருந்து ஏல அட்டையை எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். நம்மவர் ‘பாஸ்’ அட்டை எடுக்கும் அழகைப் பார்க்க வேண்டும். கை பெட்டிக்குப் போகும். மூன்று ஸ்பேட் அட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். மூக்குக் கண்ணாடி கழன்று துடைபடும். மின்விசிறியை ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார். அப்புறம், மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, ஒரு பாஸ்.

அந்தப் பாஸுக்குள் 11 பாயின்ட் இருப்பது டீ கொண்டுவந்த பையனுக்குக்கூடத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் தெரியாதவராக இருக்க வேண்டியவர் பார்ட்னர் ஒருவர்தான். பார்ட்னரின் தயக்கத்தில் கிடைத்த சேதியை வைத்துக்கொண்டு ஏலம் கேட்கக் கூடாது என்கிறது 16ஆம் சட்டம். பாவம், அவர் நான்கு ஸ்பேட் கேட்கலாமா வேண்டாமா என்று முன்பே ஊசலாடிக்கொண்டிருந்தவர். இப்போது கேட்டால் திருட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு அவரும் பாஸ். ஆட்டம் முடிந்ததும் அரிச்சந்திரர் ஆற்றாமையோடு கேட்பார்: “ஏன் சார், நான் அவ்வளவு நேரம் யோசிச்சேனே, உங்களுக்குப் புரியவே இல்லையா?”

இதே தயக்கம் எதிர்க்கட்சியில் அரை நிமிடம் நேர்ந்தால் போதும், சட்டப் புத்தகம் வெளியே வந்துவிடும். போட்டி நடத்தும் டைரக்டர் வருகிறவரை மனிதர் உட்கார மாட்டார்.

பழைய வழக்குகளை அவர் வாயால் கேட்க வேண்டும். 1965இல் பியூனஸ் அயர்ஸில் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷபிரோ ஜோடி மேல் புகார்: சீட்டைப் பிடித்திருக்கும் விரல்களே கையில் ஆட்டின் சீட்டு எத்தனை என்று சொல்கின்றனவாம். உலக பிரிட்ஜ் சம்மேளனம் குற்றம்தான் என்றது. மறு வருஷம் லண்டன் விசாரணை இல்லை என்றது. 1975இல் பெர்முடாவில் பார்ட்னர்கள் முகம் பார்த்துக்கொள்ளாதபடி மேஜைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். இத்தாலிய ஜோடியில் ஒருவர் மேஜைக்கடியில் மற்றவர் காலைச் சீண்டுவதை ஒரு நிருபர் பார்த்துவிட்டார். கண்டித்தார்கள், கீழேயும் ஒரு தடுப்பு வைத்தார்கள், ஆட்டம் நடந்தது. “நம்ம கிளப்புக்கும் திரை வேணும் சார்” என்று இவர் முடிப்பார். வேண்டும்தான். முதலில் பிழைக்கிறவர் இவருடைய பார்ட்னராக இருப்பார்.

எதிர்க்கட்சியில் மாமி ஒருவர் சீட்டை விசிறி மாதிரி விரித்துத் தாழ்த்திப் பிடிப்பார். எட்டிப் பார்க்கக் கூடாது. தற்செயலாகக் கண்ணில் பட்டால் பயன்படுத்திக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. “மாமி, சீட்டை நெஞ்சோட வச்சுக்குங்க” என்று இவர் எச்சரிக்கத் தவறியதே இல்லை. ஸ்பேட் ராணியை மடக்கிய கையோடு எச்சரிப்பார்.

உச்சம் ரிவோக்கில்தான். கேட்ட ஜாதி கையில் இருக்கும்போதே வேறு சீட்டைப் போட்டுவிடுவது. உடனே கண்டுகொண்டால் திருத்தியாக வேண்டும். அடுத்த ட்ரிக்குக்கு, அதாவது அடுத்த சுற்றுக்கு, நம் கட்சிச் சீட்டு விழுந்துவிட்டால், நம் கட்சித் தப்பை நாமே போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மூடி மறைக்கத்தான் கூடாது. சொல்லலாமா, வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று பெரிய பெரிய ஆட்டக்காரர்களே தடுமாறும் இடம் இது. அரிச்சந்திரருக்குத் தடுமாற்றமே கிடையாது.

ஒரு நாள் இவருடைய பார்ட்னர், கையில் ஸ்பேட் இருக்கையிலேயே அதைத் துருப்பால் வெட்டிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. தங்கள் ஏலம் ஒரு ட்ரிக் குறைந்து விழுந்துவிட்டதாக எதிராளி எழுதக் குனிந்தார். இவர் கையைத் தூக்கினார். “டைரக்டர்! எங்க பக்கம் ஒரு ரிவோக். நான் இல்லை, அவர்.” இரண்டு ட்ரிக் எதிர்க்கட்சிக்குப் போனது; விழுந்த நான்கு ஆட்டின், ஒன்று கூடுதலோடு எழுந்து உட்கார்ந்தது. அறையே கைதட்டியது. பார்ட்னரும் தட்டினார், வேறு வழி?

இரண்டு வாரம் கழித்து இவரே ஒரு டைமண்டை விட்டுவிட்டார். பார்ட்னர் ஆவலோடு முகத்தைப் பார்த்தார். அடுத்த சீட்டைக் கையில் எடுத்தபடி அரிச்சந்திரர் சொன்னார்: “சொல்லியாகணும்னு எங்கேயும் இல்லை சார். 72ஐப் படிங்க.”

கிளப்பில் அவரைவிட மரியாதைக்குரியவர் கிடையாது. ஆண்டு விழாவில் பொன்னாடையும் போர்த்தினார்கள். ஆனால் சனிக்கிழமைப் போட்டிக்குப் பார்ட்னர் தேடி வெள்ளிக்கிழமை இரவு அவர் போன் செய்ய ஆரம்பித்தால், ஒருவர் பேரனுக்கு ஜுரம், ஒருவர் கும்பகோணத்தில் கல்யாணம், மூன்றாமவர் அப்போதுதான் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பார்.