கேள்வி-பதில்

மார்க்கெட்டிங் அன்பர், சேதராப்பட்டு: நான் மார்க்கெட்டிங் தொழிலில் இருக்கிறேன், சார். ஐபிஎல் நேரத்தில் வரும் டிவி விளம்பரங்களைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்களேன்?

ஓவர் முடிந்தால் விளம்பரம், விக்கெட் விழுந்தால் விளம்பரம். போதாதென்று 2009-ல் ஆட்டத்தையே நிறுத்தி 'டைம் அவுட்' கொண்டுவந்தார்கள். முதலில் அது எத்தனை நிமிடம் தெரியுமா? ஏழரை! பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். பிறகு இரண்டரை நிமிட இடைவேளைகளாகப் பிரித்தார்கள்.

அதே வருடம்தான் வோடபோன் விளம்பரத்தில் ஜூஜூக்கள் வந்தன. முட்டைத் தலை வெள்ளைப் பொம்மைகளைக் கார்ட்டூன் என்றே நினைத்தோம். உடைக்குள் இருந்தவர்கள் மனிதர்கள். கம்பெனி 2018-ல் ஐடியாவோடு இணைந்து, 2020-ல் 'வி' ஆகிவிட்டது. ஜூஜூவை மட்டும் யாரும் மறக்கவில்லை. நல்ல விளம்பரத்துக்கு இதுவே அத்தாட்சி. கம்பெனிக்கு இதுவே சோகம்.

சிரிப்பு வருவது மதுக் கம்பெனிகளின் சோடா விளம்பரத்துக்குத்தான். டிவியில் மதுவுக்கு விளம்பரம் கூடாது என்று சட்டம். ஆனால் பெங்களூரு அணியின் பெயரே ஒரு விஸ்கியின் பெயரிலிருந்து வந்தது! பாண்டிச்சேரிக்காரரான உங்களிடம் 'இது வெறும் சோடா' என்றால் நம்புவீர்களா, சார்?

நீங்கள் விளம்பரம் எடுத்தால் ஒரே படத்தை ஒரே ஆட்டத்தில் இருபது தடவை போடாதீர்கள். ரிமோட் எங்கள் கையில்தான் இருக்கிறது.