சிஸ்டம்32-இல் குடியிருக்கும் 64 பிட்டாருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: தஞ்சாவூர்ப் பக்கத்து அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை ஒருவர்.

பெறுநர்: விண்டோஸ் பெயர்சூட்டும் பிரிவு, ரெட்மண்ட், அமெரிக்கா.

பொருள்: டிஎல்எல் கோப்பைப் பதிவு செய்தல் – எங்கே பதிவானது என்று தெரியாமை – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

நெல் வரவு, அரிசி, தவிடு, உமி எல்லாவற்றையும் விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய கணக்கு நிரலில் ஏற்றுகிற ஆலைகள் இங்கே இன்னமும் உண்டு. 1998-இல் தாங்களே வெளியிட்ட மொழி அது. எத்தனையோ குறுவை, சம்பா பார்த்தும் கூட்டல் தப்பவில்லை. புதுக் கணினி வாங்கும்போதுதான் வினை. நிரலுக்கு வேண்டிய டிஎல்எல், ஓசிஎக்ஸ் எல்லாம் 32 பிட். விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட்டும் 64 பிட்டும் ஒரே நிரலுக்குள் சேர்ந்து ஓடா என்பது புரிகிறது. புரியாதது வேறு.

64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் பெயர் சிஸ்டம்32. 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64-இல். பதிவு செய்து தரும் ரெக்எஸ்விஆர்32 இரண்டிலும் அதே பெயரில் உட்கார்ந்திருக்கிறது. தரவுத்தள இணைப்பை (ஓடிபிசி) அமைத்துத் தரும் ஓடிபிசிஏடி32-உம் அப்படியே.

சிஸ்டம்32 என்ற பாதையைப் பழைய நிரல்கள் உள்ளேயே எழுதி வைத்துவிட்டன, மாற்றினால் எல்லாம் விழும் என்பது தங்கள் தரப்பு. நியாயம்தான். 1934-இல் முடிந்த கல்லணைக் கால்வாயை நாங்களும் இன்றுவரை புது ஆறு என்றுதான் சொல்கிறோம். ஆனால் வெண்ணாற்றுக்கு வழி கேட்டவரைப் பேசாமல் புது ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தி, இதுதான் வெண்ணாறு என்று சாதிப்பதில்லை. 32 பிட் நிரல் சிஸ்டம்32-ஐக் கேட்டால், சிஸ்வாவ்64-ஐக் கையில் கொடுத்து சிஸ்டம்32 என்றே சொல்லி அனுப்புகிறீர்களே! அசல் சிஸ்டம்32 வேண்டுமென்றால் அந்த நிரல் ‘சிஸ்நேட்டிவ்’ என்று கேட்க வேண்டுமாம். எக்ஸ்ப்ளோரரில் தேடிப் பாருங்கள், அப்படியொரு கோப்புறை கண்ணில் படாது.

பதிவேட்டிலும் 32 பிட்டுக்கு வாவ்6432நோட் என்று தனிக்கிளை. ரெக்எஸ்விஆர்32 ‘வெற்றி’ என்று பெட்டி காட்டும். அதே டிஎல்எல்லை 64 பிட் நிரல் தேடினால் ‘பதிவாகவில்லை’ என்று வரும். இரண்டும் உண்மை! பழைய அக்சஸ் கோப்பைத் திறக்கும் ஜெட் 4.0-க்கு 64 பிட் வடிவமே தாங்கள் தரவில்லை. அந்தக் குழப்பமாவது மிச்சம்.

கேட்பது ஒன்றுதான். ஓடிபிசி குறுக்குவழிகளின் பெயர்களில் விண்டோஸ் 8 முதல் 32 பிட், 64 பிட் என்று பிரித்துப் போட்டீர்கள். அதுபோல இந்த ‘வெற்றி’ப் பெட்டியிலும் எந்தக் கிளையில் பதிந்தது என்று ஒரு வரி சேர்த்துத் தரவும். குறுவை அறுப்புக்குள் ஆனால் உபகாரம். அதுவரை 32-ஐப் பதிய 64 என்று பெயர் போட்ட இடத்துக்கே, நிர்வாகி அனுமதியோடு, போய்க்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள 32 பிட் பயனாளர்.