திருச்சியிலிருந்து சம தூரத்தில் சிங்கப்பூரும் பெரம்பலூரும்

பெறுநர்: ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம், புது தில்லி.

பொருள்: 'பயண நேரம்' என்னும் சொல்லுக்குத் திருத்திய பொருள் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வான்வழித் தூரம் என்பது உருண்டையான புவியின் மேல் இரு நகரங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியாகிய பெருவட்டப் பாதையின் நீளம் என்றும், பயண நேரம் என்பது விமானச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்தது முதல் சேருமிடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் வரை கழியும் பொழுது என்றும் துறையறிந்தோர் வகுத்துள்ளனர். இதன்படி திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், சுமார் 4 மணி நேரம். கட்டையை எடுப்பதற்கு முன்னும் வைத்ததற்குப் பின்னும் கழியும் பொழுதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தாரின் ஐயம்.

சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆகவே, அங்கிருந்து ஊர் திரும்பும் கட்டடத் தொழிலாளியின் பயணச்சீட்டில் புறப்படும் நேரத்துக்கும் திருச்சியில் இறங்கும் நேரத்துக்கும் இடைவெளி ஒன்றரை மணி நேரமே. அதன்பின் அவர் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு வெளியே வந்து, நகரப் பேருந்தில் தொற்றி, வேறு பேருந்துக்கு மாறி, சமயபுரம் சுங்கச்சாவடியும் பாடாலூரும் கடந்து, மாவட்டத் தலைநகராகியும் ரயில் நிலையம் வாய்க்காத பெரம்பலூரில் இறங்க அதே ஒன்றரை மணி நேரம் போதுவதில்லை. விழுப்புரத்தையும் திருச்சியையும் குறுக்காக இணைக்கும் கார்டு லைன் அரியலூர் வழியே செல்வதால் அவ்வூரார் சற்றுப் பாக்கியவான்கள். எனினும் அந்த ரயிலும் விமான நிலைய வாசலில் நிற்பதில்லை.

வரைபடத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், சுமார் 295 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோடு, எவ்வூருக்கும் மனக்குறை நேராதபடி, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே செல்கிறது. அவ்வழியே பறக்கும் விமானம் கிளம்பிய பத்து நிமிட அளவில் தாண்டிவிடும் மண்ணிலிருந்து, அதே விமானத்தில் ஏற விரும்புபவர் விடியற்காலையிலேயே எதிர்த்திசையில் கிளம்பியாக வேண்டும்.

உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து புறப்பட்டபோது, ஹவாய் செருப்பு அணிந்தவரும் விமானமேற வேண்டும் என்று பிரதமர் விழைந்தார். அத்தகைய செருப்புக்கு இவ்விரு மாவட்டங்களிலும் குறைவில்லை. அதைத் தேய்ப்பதற்கான தூரமும் தாராளமாகவே உள்ளது. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்துக்குக் கடற்படை அனுப்பிய செய்தி கல்வெட்டில் இருக்கிறது. அரண்மனையிலிருந்து துறைமுகம் சேர்ந்த நேரத்தை அன்றைய அதிகாரிகளும் பதியவில்லை என்பதை அமைச்சகம் முன்னுதாரணமாகக் காட்டக்கூடும்.

ஆதலால், பயண நேரத்தைத் தொடங்கி முடிக்கும் அந்த முட்டுக்கட்டைகளுள் ஒன்றைப் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்திலும் இன்னொன்றை அரியலூரிலும் வைக்குமாறு வேண்டப்படுகிறது. செலவு குறித்து அமைச்சகம் கவலையுற வேண்டியதில்லை. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் சக்கரத்தடியில் வைக்கும் கல்லே அரியலூரில் போதுமான அளவு கிடைக்கிறது.

இப்படிக்கு,
இரு மாவட்டப் பயணிகள்