வயதைக் கூட்டும் துணிக்குப் புவிசார் குறியீடு கோரும் விண்ணப்பம்

பெறுநர்: பதிவாளர், புவிசார் குறியீட்டுப் பதிவகம், கிண்டி, சென்னை.

பொருள்: காவிரிப் படுகையில் உற்பத்தியாகும் "வயசான மாதிரி இருக்கு" என்னும் தீர்ப்பைப் புவிசார் குறியீடுகள் சட்டம், 1999இன் கீழ்ப் பதிவு செய்யக் கோருதல்.

"வயசான மாதிரி இருக்கு" என்பது தஞ்சைத் தரணியில் முப்போகமும் விளையும் வாய்மொழிப் பண்டம். ஒரு பெண் புதுப்புடவை கட்டிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டும்போது உருவாகி, அவள் தெருமுனை திரும்புவதற்குள் விநியோகமாகிவிடும். இடத்துக்கு இடம் இதன் பெயர் மாறும். கும்பகோணத்து அக்கிரகாரங்களில் "மாமி மாதிரி", ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் "அப்பாயி சேலை", தஞ்சாவூர்க் கல்லூரி வாசல்களில் "ஆன்ட்டி லுக்". சரக்கு ஒன்றுதான். கேட்காமலே கிடைக்கும்; விலை கிடையாது; திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

இப்பகுதியின் பொருள்களுக்குப் பதிவகம் புதியதன்று. தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலைப்பாடு, சுவாமிமலை வார்ப்புச் சிலை என ஏற்கெனவே நீண்ட வரிசை அங்கே பதிவாகியிருக்கிறது. அவற்றுள் தலையாட்டி பொம்மையே இந்த விண்ணப்பத்துக்கு நெருங்கிய உறவு. எந்தப் பக்கம் தள்ளினாலும் அது பழைய இடத்துக்கே நிமிர்ந்துவிடும். தீர்ப்பும் அப்படித்தான். அடர்ந்த நிறம் கட்டினால் வயதைக் கூட்டுகிறது என்கிறது. வெளிர் நிறத்துக்கு மாறினால் சோகை பிடித்த மாதிரி, இன்னும் வயதைக் கூட்டுகிறது என்கிறது.

மூலப்பொருள்களில் முதலிடம் பருத்திக்கு. பருத்தியைத் தனித்து அல்லாமல் கஞ்சியோடு சேர்த்தே கருத வேண்டும். சோறு வடித்த கஞ்சியில் முக்கி எடுத்த இழை விறைக்கும். விறைத்த கொசுவம் உடம்பை ஒட்டாமல் விலகி நிற்கும். உடுத்தியவள் சற்று அகன்று தெரிவாள். டெல்டாவின் அளவுகோலில் அகலமும் வயதும் ஒன்றே. ஆகவே நெற்களஞ்சியம் என்று பேரெடுத்த நாடு, தன் அரிசியைக் கொண்டே தன் பெண்களுக்கு வயதேற்றியது என்று கொள்ளலாம். குறுக்குக் கோடு போட்ட துணி குண்டாகக் காட்டும் என்பது இத்தொழிலின் இன்னொரு பாலபாடம். கோடுகளிட்ட சதுரத்தில் குறுக்குக் கோடு போட்டதே உயரமாகத் தெரியும், நெடுக்குக் கோடு போட்டது அகன்று தெரியும் என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களிலேயே எழுதிவிட்டார். அவர் கும்பகோணம் பெரிய தெருவில் ஜவுளி எடுத்தவரல்லர் என்பதால் அவரது முடிவு இங்கே செல்லுபடியாவதில்லை.

சட்டம் தோற்றத்துக்கான வரலாற்றுச் சான்று கேட்கிறது. சான்றுக்குப் பஞ்சமில்லை. பாவாடை சட்டை, வயதுக்கு வந்தால் தாவணி, மணமானால் புடவை, சில வீடுகளில் ஒன்பது கஜ மடிசார் என்று பெண்ணின் உடை படிப்படியாக ஏறியது. உடை காட்டியது வயதையன்று, நிலையை. அவள் யாருடைய மகள், யாருடைய மனைவி என்பதைத் தெருவுக்கு அறிவிக்கும் பலகையாக அது இருந்தது. கணவன் இறந்த அன்று பலகை மாற்றப்பட்டது. வெள்ளைச் சேலையோ நார்மடியோ சுற்றப்பட்ட மறுநாள் முதல் அவள் கிழவி. பிறந்த தேதி கணக்கில் வராது. பன்னிரண்டு வயதுக் கிழவிகள் இந்த ஆற்றங்கரைகளில் இருந்தார்கள். தஞ்சை மாவட்டத்து ரிஷியூர்க் குடும்பத்தில் 1886இல் பிறந்த சகோதரி சுப்பலட்சுமி, குழந்தை மணத்தில் கணவனை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற சிறுமிகளுக்குச் சென்னையில் இல்லம் நடத்தினார். அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகள். ஒரு துணி ஒருத்தியை ஒரே இரவில் எத்தனை ஆண்டு மூப்பாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆய்வு எங்கும் நடந்ததில்லை. இன்றைக்குக் கல்யாணக் கூடத்தில் "இந்தக் கலர் வயசைக் கூட்டுது" என்று சிரித்தபடி சொல்லப்படும் வாக்கியம் அந்த வெள்ளையின் பேத்தி.

அதே வெள்ளை ஆணைத் தொடுவதில்லை. மயில்கண் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வரும் எழுபது வயதுக்காரர் "மாப்பிள்ளை மாதிரி" இருக்கிறார். அவருடைய வேட்டியும் கஞ்சி போட்டதுதான். இந்த விலக்கின் காரணத்தை வேதியியல் இதுவரை விளக்கவில்லை.

அடுத்து, பண்டத்தின் தரம் நிலையானதா என்ற கேள்வி. இங்கேதான் விண்ணப்பம் சற்றுத் தடுமாறுகிறது. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டில், பேச்சுவழக்கில் கொரநாட்டில், பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த புடவை, மணவறையில் பெண் கட்டியது. கல்யாணப் பெண்ணைவிட இளமையான தோற்றம் உலகில் கிடையாது; ஆகவே அந்தக் கட்டம் அன்றைக்கு இளமையின் அடையாளம். பிறகு காஞ்சிப் பட்டும் திருபுவனம் பட்டும் மணவறையைப் பிடித்துக்கொள்ள, கட்டம் பாட்டியின் பெட்டிக்குப் போயிற்று. 1970களில் நைலெக்ஸும் பாலியெஸ்டரும் வந்தபோது குமரிகள் அவற்றுக்குத் தாவினார்கள்; பருத்தி என்றாலே மூப்பு. இப்போது துவைக்க எளிது, இஸ்திரி வேண்டாம் என்று பாட்டிமார் வழுவழுப்பான சிந்தெடிக்கில் இருக்கிறார்கள்; பேத்திகள் கைத்தறிக் கட்டத்தைத் தேடிப் பிடித்து, கறுத்த வெள்ளி நகையோடு கட்டிக்கொள்கிறார்கள். இழை மாறவில்லை, பாவும் ஊடையும் மாறவில்லை. இளமையும் முதுமையும் மட்டும் இடம் மாறிக்கொண்டன. திருபுவனம் பட்டுச்சேலை 2019இல் குறியீடு பெற்றபோது அதன் விசிறி மடிப்பு தனிச்சிறப்பாகக் காட்டப்பட்டது. அந்த மடிப்பை எந்த நூற்றாண்டில் பிரித்தாலும் விசிறியாகவே விரியும். தீர்ப்பின் மடிப்புக்கு அத்தகைய உத்தரவாதம் கிடையாது.

உற்பத்தி முறை எளியது. கடையில் விற்பனைப் பெண் இருபது புடவைகளை விரிப்பார். வாங்க வந்தவள் அரக்கில் கை வைத்ததும் உடன் வந்த நாத்தனார், "அண்ணி, இந்த வயசுல உங்களுக்கு இது எதுக்கு?" என்பார். சாம்பல் நிறத்தில் கை வைத்தால் அவரே, "ஐயோ, இப்பவே ஏன் கிழவியாட்டம்?" என்பார். இரண்டுக்கும் நடுவே, முப்பத்தைந்து வயதுப் பெண் கட்டத்தக்க நிறம் ஒன்று இருந்தாக வேண்டும். அதை எந்தச் சாயப்பட்டறையும் இதுவரை காய்ச்சவில்லை. கடைசியில் நாத்தனார் தமக்கு ஒரு மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்.

1983இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் இவ்விஷயத்தில் பெரும் களப்பரிசோதனை. நியாயவிலைக் கடையில் ஒரே கட்டிலிருந்து உருவிக் கொடுக்கும் சேலையை மாமியார் கட்டினால் "பளிச்சுனு இருக்கு". மருமகள் கட்டினால் "வயசான மாதிரி". தமிழ்நாடு அரசு 2019 மே மாதம் தன் ஊழியர்களுக்கு உடை விதி வகுத்தபோது பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்றது. இவற்றில் எது எத்தனை வயது காட்டும் என்று சொல்லாமல் விட்டது நிர்வாகக் குறைபாடு. மறுநாளே அலுவலகங்களில் சக ஊழியர்கள் அந்தப் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

நைட்டிக்குத் தனி அட்டவணை வேண்டும். மேலே ஒரு துண்டைப் போட்டால் அது வெளியுடையாகிக் கோலம் போடவும் பால் வாங்கவும் தகுதி பெறுகிறது. வயது பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே தோற்றம் தருவதால் தீர்ப்பாளர்கள் அதனிடம் திணறுகிறார்கள். இன்னொரு டெல்டாவில், ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலப்பள்ளி கிராமத்தில், 2018இல் பகலில் நைட்டி அணிந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். காவிரி டெல்டா இதில் பின்தங்கியிருப்பது கவலைக்குரியது.

பண்டம் விளையாத நிலங்களும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். ஒன்று நடவு வயல். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், சேலைக்கு மேல் வீட்டு ஆணின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்கள் சேற்றில் இறங்குகிறார்கள். அந்த உடை வயதைக் கூட்டுகிறதா என்று வரப்பில் நின்று எவரும் சொன்னதில்லை. கூலி நடவுக்கு, தோற்றத்துக்கு அன்று. இன்னொன்று திருக்கடையூர். அறுபதும் எண்பதும் நிறைந்த தம்பதியர் அங்கே மறுபடி மாலை மாற்றுகிறார்கள். அறுபதைத் தொடும் பெண் கூறைப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, எல்லார் முன்னாலும் தாலி கட்டிக்கொள்கிறாள். ஜப்பானில் அறுபது நிறைந்தவருக்குச் சிவப்பு மேலாடை போர்த்துவார்கள், இங்கே அரக்கு. கடையில் "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்ட நாத்தனார் அன்று முதல் வரிசையில் நின்று அட்சதை போட்டு, "இப்பத்தான் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்கிறார். புடவை மாறவில்லை. அழைப்பிதழ் அச்சடித்திருந்தது, அவ்வளவுதான்.

பதிவு கிடைத்தால் அது பத்து ஆண்டுக்குச் செல்லும்; பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் மேற்சொன்ன சான்றுகளைப் பரிசீலிக்கும் அலுவலர், சட்டத்தின் 9ஆம் பிரிவையும் பார்க்கக் கடமைப்பட்டவர். ஏமாற்றவோ குழப்பவோ கூடிய குறியீட்டைப் பதியக் கூடாது என்கிறது அது. அந்தப் பிரிவின் கீழ் இந்த விண்ணப்பத்தைப் பதிவகம் தள்ளுபடி செய்ய வேண்டும். தள்ளுபடி ஆணையின் நகல்களைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு, தை முகூர்த்தங்களுக்கு ஜவுளி எடுக்கக் கூட்டம் கிளம்புவதற்குள் டெல்டா மாவட்டத் துணிக்கடைகளின் கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் ஒட்ட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.