அரை டாலர் உத்தமர்கள்

அமெரிக்க வங்கிக் கிளைகளில் டெல்லரின் ஜன்னல் முன்னால் வந்து நிற்பவர்களிலேயே பணிவு மிகுந்தவர்கள், வெள்ளிக் காசு தேடி வருகிறவர்கள்தாம். வீட்டுக்கடன் கேட்டு வருபவரிடம்கூட அவ்வளவு குழைவைப் பார்க்க முடியாது. டெல்லரைப் பெயர் சொல்லி விசாரிப்பார்கள். “பையனுக்குக் காய்ச்சல் என்றீர்களே, தேவலையா?” என்பார்கள். வரிசையில் பின்னால் நிற்பவருக்குத் தாமாகவே வழிவிட்டு ஒதுங்குவார்கள். தங்களுக்குப் பழக்கமான டெல்லரின் ஜன்னல் காலியாகும்வரை நிற்பதற்கும் அந்தப் பெருந்தன்மை உதவுகிறது. நலம் விசாரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: “அரை டாலர் ஏதாவது வந்ததா?”

இந்த ஒரு கேள்விக்காக அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் அறிவு சாதாரணமானதல்ல. 1964 வரையிலான ஆண்டு பொறித்த பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. 1965இல் சட்டம் மாறியபோது பத்து சென்ட்டிலும் கால் டாலரிலும் வெள்ளி அடியோடு போயிற்று. கென்னடியின் தலை பொறித்த அரை டாலரில் மட்டும் 1970 வரை 40 சதவீதம் வைத்திருந்தார்கள். 1971 முதல் அதுவும் வெறும் செம்பும் நிக்கலும்தான். போர்க்காலத்தில் நிக்கலை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்ததால், 1942இன் பிற்பகுதி முதல் 1945 வரை ஐந்து சென்ட்டில் 35 சதவீதம் வெள்ளி கலந்தார்கள். அந்தக் காசின் பின்பக்கத்தில், ஜெஃபர்சன் வீட்டுக் கூரைக்கு மேலே, நாணயச்சாலையின் எழுத்து பெரிதாக இருக்கும். இவ்வளவையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். டெல்லரிடம் மட்டும் சொல்வதில்லை. வேலை நேரத்தில் அவருக்கு வகுப்பெடுத்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்லெண்ணம்.

அரை டாலரை ஏன் குறிவைக்கிறார்கள் என்பதிலும் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. அமெரிக்கர்கள் அந்தக் காசைச் செலவு செய்வதே அரிது. 2002 முதல் 2020 வரை புழக்கத்துக்கென்று அதை அச்சடிக்கவே இல்லை, சேகரிப்போருக்கு மட்டுமே அச்சடித்தார்கள். ஆகவே வங்கியில் இருக்கும் அரை டாலர் பெரும்பாலும் பழையதாகத்தான் இருக்கும். யாரோ ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்து வந்ததாகவும் இருக்கும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

அவர்களுடைய பொறுமையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ரோலில் 20 அரை டாலர், மதிப்பு 10 டாலர். அப்படி 50 ரோல் சேர்ந்தது ஒரு பெட்டி: 1,000 காசு, 500 டாலர், எடை 11 கிலோவுக்கு மேல். வீட்டுக்குக் கொண்டுபோய், ரோலின் காகிதத்தைப் பிரித்து, காசுகளை வரிசையாக விளக்கடியில் நிறுத்தி ஓரத்தைப் பார்ப்பார்கள். வெள்ளி இல்லாத காசின் ஓரத்தில் செம்பின் பழுப்புக் கோடு ஓடும். பத்தொன்பது பழுப்புக் கோடுகளுக்கு நடுவே ஒரு காசு கோடே இல்லாமல் வெளுத்து நின்றால், தேதியைப் பார்க்கும் முன்பே கை அதை உருவிவிடும். பெட்டி பெட்டியாக ஒன்றுமே அகப்படாமல் போவதுதான் வழக்கம். அதற்காக யாரும் சலித்துக்கொள்வதில்லை. மறுவாரமும் பெட்டி கேட்பார்கள்.

அந்தப் பெட்டியை வரவழைப்பவர் டெல்லர். மேலாளரிடம் கேட்டு, பணப்போக்குவரத்து நிறுவனத்துக்கு எழுதி, வண்டி வந்ததும் கணக்கில் ஏற்றி, பெட்டகத்திலிருந்து அந்த 11 கிலோவை இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் மேடையில் வைப்பவரும் அவரே. இதற்குப் பதிலாக ஒரு பெட்டி டோனட் வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் சாக்லேட் வரும். வங்கிக்கு வரும் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் டெல்லரை ஒரு மனுஷியாக நினைத்து இனிப்பு வாங்கி வருகிறார்கள்? இந்த வெள்ளி வேட்டையர் வாங்கி வருகிறார். பழைய டெல்லர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டால் அவரைத் தொடர்ந்து போய்த் தொல்லை கொடுப்பதும் இல்லை. அந்தக் கிளையில் அரை டாலர் வராது என்றால் எதற்கு வீணாக அவரைச் சங்கடப்படுத்த வேண்டும்? அதே ஜன்னலுக்கு வந்திருக்கும் புதியவரின் பையனுக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்கத் தொடங்குவார்கள்.

வெள்ளி இல்லாத காசுகளை என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் நாகரிகம் முழுதாகத் தெரிவது அங்கேதான். தமக்குக் காசு கொடுத்த டெல்லரிடமே கழித்ததைத் திருப்பிக் கொடுத்து அவர் மனம் நோகச் செய்ய மாட்டார்கள். அதற்கென்று வேறு வங்கி ஒன்றை வைத்திருப்பார்கள். எடுக்க ஒரு வங்கி, கொட்ட ஒரு வங்கி. கொட்டும் வங்கியில் இருக்கும் பெண்ணுக்கு டோனட் கிடையாது. அவர் பெயரைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் அந்த ஆயிரத்தையும் வாங்கி, எண்ணி, மூட்டை கட்டி, தன் பெட்டகத்துக்குள் இழுத்து வைத்து, வந்து எடுத்துப் போகச் சொல்லி எழுதுவார். அதே காசுகள் மறுபடி தம் கைக்கே வந்துவிடக்கூடாதென்று சிலர் மை வைத்து அடையாளமும் இட்டுவிடுகிறார்கள். தங்கள் நேரத்தின் அருமையை இவர்களைப் போல உணர்ந்தவர்கள் யாருமில்லை.

இந்தக் கலைக்கு வரலாறும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காசுத் தட்டுப்பாடு வந்தபோது, சேகரிப்போரும் ஒரு காரணம் என்று அரசு நினைத்தது. அவர்களுடைய ஆர்வத்தைக் குறைப்பதற்காக 1965, 1966, 1967 ஆண்டுக் காசுகளில் நாணயச்சாலைக் குறியையே எடுத்துவிட்டார்கள். 1965 ஜூலையில் புதிய சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், பழைய வெள்ளிக் காசைப் பதுக்கி வைப்பதால் லாபம் வராது என்று மக்களுக்குச் சொன்னார். அந்தப் பேச்சை நம்பியவர்கள் செலவு செய்தார்கள். நம்பாதவர்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் கடைகளின் கல்லாவில் வெள்ளியைக் காண்பது அரிதாகிவிட்டது. 2020இல் கொரோனா நாட்களில் மறுபடியும் சில்லறை சுழலாமல் நின்றது. ஜூன் மாதம் மத்திய வங்கி ஒவ்வொரு வங்கிக்கும் அளவு பார்த்துத்தான் காசு கொடுத்தது. கையிலிருக்கும் காசை வெளியே விடுங்கள் என்று நாணயச்சாலை பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. டெல்லர் தன் கடைக்கார வாடிக்கையாளருக்கே கால் டாலர் ரோல் இல்லை என்று கைவிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலும் பெட்டி கேட்கும் ஊக்கம் ஒருவருக்கு இருந்ததென்றால், அதை என்னவென்று புகழ்வது!

அலமாரிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு கிளையில் எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி நின்றார். கையில் பிஸ்கட் டப்பா. அதில் ஆறு ரோல், கையால் சுற்றிய காகிதம், ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஆண்டு எழுதியிருந்தது. அவர் கணவர் எழுதியதாம். வீட்டைக் காலி செய்கிறார், மகளோடு போய் இருக்கப் போகிறார். டெல்லர் ஒரு ரோலின் முனையைப் பிரித்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் தலை. 1948 முதல் 1963 வரை வந்த அரை டாலர் அது. ஓரம் முழுக்க வெள்ளை. டெல்லர் எண்ணினார், ஆறு பத்து அறுபது என்றார், மூன்று இருபது டாலர் நோட்டை எடுத்துக் கொடுத்தார். மூதாட்டி நன்றி சொல்லிவிட்டு வெறும் டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். அந்த ஆறு ரோலும் மற்ற சில்லறையோடு இழுப்பறைக்குள் போகவில்லை. கணினிக்குப் பின்னால் ஒரு மூலையில் அடுக்கி, மேலே ஒரு மஞ்சள் துண்டுக் காகிதத்தை ஒட்டினார். அதில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் ஏற்கெனவே எழுதியிருந்தன.

ஒரு ரோல் பிராங்க்ளினில் ஏழு அவுன்ஸுக்குச் சற்று மேல் சுத்த வெள்ளி. ஆறு ரோலுக்கு 43 அவுன்ஸ் தாண்டும். அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால்கூட 1,300 டாலர். டெல்லர் தவறு செய்யவில்லை, அரை டாலருக்கு அரை டாலர் கொடுப்பதுதான் அவருக்குக் கற்றுக்கொடுத்த வேலை. மஞ்சள் காகிதக்காரரும் சட்டத்தை மீறவில்லை, அறுபது டாலர் கொடுத்து அறுபது டாலர் வாங்கிக்கொள்வார். எல்லோரும் நேர்மையானவர்கள். நேர்மையானவர்கள் மூவர் சேர்ந்து செய்த காரியத்தில் 1,240 டாலர் ஒருவருடைய கையிலிருந்து போயிற்று. அவருக்கு அது தெரியவும் தெரியாது.

இத்தனை ஒழுங்காக ஓர் ஏற்பாட்டை நிறுவுவதற்குத் திறமை வேண்டும். டோனட்டாலும் நலம் விசாரிப்பாலும் வருடக்கணக்கில் வளர்த்த உறவு அது. ‘பழைய அரை டாலர் வந்தால் எனக்கு ஒரு போன்’ என்று டெல்லருக்குச் சொல்லிக்கொடுத்தவர், அது ஏன் என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்ட அளவறிதலைக் கவனியுங்கள். காசு யாருடையது என்று கேட்காத நாசூக்கும் அப்படித்தான். தாத்தாவின் சேமிப்பைத் திருடி வந்த பேரன் மாற்றிய ரோலும் அதே மூலைக்குத்தான் வரும், அதே மஞ்சள் காகிதத்தின் கீழ்தான் காத்திருக்கும். கிடைத்த அன்று இரவு வேட்டையர் அதை மேசையில் பரப்பி நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்புவார். முகமதிப்புக்கே கிடைத்தது என்று எழுதுவார். அந்த மகிழ்ச்சி கள்ளமில்லாதது. அதில் எந்த முகமும் அவர் நினைவுக்கு வருவதில்லை.

எல்லா வேட்டையரும் இப்படியில்லை. பெட்டி வாங்கி, பார்த்து, எடுத்த வங்கியிலேயே ரோலை ஒழுங்காகச் சுற்றித் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. யாரோ அறியாமல் செலவழித்து ஊரெல்லாம் சுற்றிவந்த காசில் தற்செயலாக ஒரு வெள்ளியைக் கண்டெடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவர்களுக்கு இந்தப் புகழ்மாலை தேவைப்படாது.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு நாணயம் தெரியும், ஆண்டு தெரியும், எடை தெரியும், டெல்லரின் பையன் பெயரும் தெரியும். அடுத்த முறை இனிப்போடு போகும்போது இன்னும் ஒரே ஒரு வரியை அவரிடம் கூடுதலாகச் சொல்லுங்கள். 1964இலோ அதற்கு முன்போ அச்சான காசை ரோல் ரோலாக யாராவது வயதானவர் கொண்டுவந்தால், எண்ணுவதற்கு முன்பு, “அம்மா, இது வெள்ளி. இரண்டு நாணயக் கடையில் காட்டி விலை கேட்டுவிட்டு வாருங்கள்” என்று அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் அவர் அறுபது டாலரே போதும் என்றால், அப்போது உங்களுக்குப் போன் வரட்டும்.